மனம் நொந்தவரைத் தனியே விடாதீர்கள்

துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. எங்கள் பல்லேபொலவில் சிங்களவர் வீடானாலும், முஸ்லிம் வீடானாலும், தோட்டத்துத் தமிழர் வீடானாலும் இந்த வழக்கத்தில் மாற்றமில்லை. சாவு விழுந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும், பிளேன்டீ வரும், அதைக் குடிக்கவைக்க ஓர் ஆளும் கூடவே வரும். மரணம் நடந்த வீட்டாருக்கு அயலார் உணவு கொடுத்தனுப்புவது முஸ்லிம்களுக்கு நபிவழி. தமிழருக்கு அது தீட்டு முறை. சிங்களவருக்கு ஊர் வழக்கம். காரணம் வேறு வேறு, செய்கை ஒன்றுதான். நெஞ்சு உடைந்து கிடப்பவருக்குத் தன் பசி தெரியாது, அவருக்காக வேறு யாராவது அதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதை மூன்று சமூகத்தாரும் அறிந்து வைத்திருக்கிறார்கள்.

மாத்தளை மாவட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இத்தனை காலம் ஊரோடு வாழ்ந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மனம் நொந்தவரைத் தனியே விடக் கூடாது. சடங்கோ, வைத்தியமோ, ஆலோசனையோ, நொந்தவரை நாலு பேரோடு சேர்த்து வைத்தால் அது நல்லது. நாலு பேரிடமிருந்து பிரித்துவிட்டால், எவ்வளவு பழமையானதானாலும், எவ்வளவு நவீனமானதானாலும், அது கெடுதல்தான்.

உளவளத்துணை படித்த பிள்ளைகள் இப்போது பிரதேச செயலகங்களில் வேலை செய்கிறார்கள். நல்ல மனதோடு வேலை செய்யும் பிள்ளைகள். அவர்களில் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: “டீச்சர், நூல் கட்டுறது, ஓதிப் பார்க்கிறது, தொவில் ஆடுறது, இதையெல்லாம் நாங்க எப்படி எடுத்துக்கிறது? விடச் சொல்றதா, பேசாம இருக்கிறதா?” அவர்களுக்கு வாயால் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் துக்க வீட்டையே பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துவிட்டால் முதலில் கண்ணில் படுவது வெள்ளைக் கொடி. மெயின் ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரை சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள் கயிற்றில் தொங்கும். வழி தெரியாதவரும் யாரையும் விசாரிக்காமல் வந்து சேரலாம். மரணாதார சங்கத்தார் கொட்டகைத் தகரமும் கதிரைகளும் கொண்டுவந்து இறக்குவார்கள். வீட்டுக்கு வீடு மாதாமாதம் கட்டிய சந்தாப் பணம் அன்றைக்கு அந்தக் குடும்பத்தின் கைக்கு வரும். இரவில் பிணத்தைத் தனியே விடக் கூடாது என்று ஆண்கள் முற்றத்தில் கடதாசி விளையாடி, கரம் அடித்து விடியும் வரை முழித்திருப்பார்கள். புதிதாக வந்தவருக்கு இது மரியாதைக் குறைவாகப் படலாம். உள்ளே படுத்திருக்கும் பெண்ணுக்கு, தூக்கம் வராத அந்த இரவில், வெளியே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்வது அந்தச் சத்தம்தான்.

தோட்டத்து லயங்களில் இழவு விழுந்தால் தப்புச் சத்தம் கேட்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு அழுவார்கள். புதிதாக வருபவள் வாசலிலேயே குரலெடுத்து அழுதுகொண்டு வந்து அந்த வட்டத்தில் இடம் பிடிப்பாள். ஒப்பாரியில் செத்தவரின் பெருமை மட்டுமா வரும்? கங்காணி பேசிய பேச்சு வரும். மாமியார் செய்த கொடுமை வரும். பிறந்த வீட்டார் எட்டிப் பாராத ஆதங்கம் வரும். எப்போதோ இழந்த பிள்ளையின் பெயர் வரும். மற்ற நாளில் வாய் திறந்து சொல்ல முடியாததை அன்றைக்கு ராகம் போட்டு, நாலு பேர் காதில் விழச் சொல்லலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள், யாரும் மறுநாள் அதைக் குத்திக்காட்டவும் மாட்டார்கள். ஆலோசனை அறையில் ஒரு பெண்ணை இந்த அளவுக்குப் பேசவைக்க எத்தனை வாரம் பிடிக்கும் என்று அந்தத் துறைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள்.

அடக்கம் முடிந்ததோடு ஊர் கைகழுவிவிடுவதும் இல்லை. சிங்கள வீட்டில் ஆறாம் நாள் இரவு பண உபதேசம், ஏழாம் நாள் தானம், மூன்றாம் மாதம் மறுபடி தானம், வருடத்துக்கு ஒன்று. எங்கள் மலையகத் தமிழருக்குப் பதினாறாம் நாள் கருமாதி. யாழ்ப்பாணத்தில் எட்டும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும். முஸ்லிம் பெண்ணுக்குக் கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. பல வீடுகளில் மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் கத்தம் ஓதுவார்கள். இந்த நாட்கள் எதற்கு? “இன்னும் அழுதுகொண்டிருக்கிறாயா?” என்று முதல் வாரத்திலேயே யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்கு. அதே சமயம், ஒரு நாள் வந்தால் தலைக்குக் குளித்து, வாசலைப் பெருக்கி, மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்வதற்கும்.

சாவு மட்டுமில்லை, மனம் பேதலித்தவருக்கும் ஊர் ஒரு வழி வைத்திருந்தது. கண்டி நடனம் என்று உலகமே பார்க்கிற ஆட்டம் கொஹொம்பா கங்காரிய என்ற சடங்கிலிருந்து வந்தது. பாண்டுவாசுதேவ மன்னனைப் பிடித்த தோஷத்தைத் தீர்க்க நடத்தியது என்று அதற்குக் கதை சொல்வார்கள். தென்பகுதியில் பேயோட்ட ஆடும் தொவிலில் பதினெட்டு சன்னி யக்குகள் முகமூடி போட்டு வரும். மானிடவியலாளர் புரூஸ் கப்பெரர் 1983இல் வெளியிட்ட தொவில் பற்றிய தம் நூலில் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். நள்ளிரவு வரை நோயாளியும் ஊரும் பயத்தில் ஒடுங்கியிருப்பார்கள். அதன் பிறகு வரும் பேய்கள் நாக்குக் குழறும், தடுக்கி விழும், அசட்டுக் கேள்வி கேட்கும். ஊரே சிரிக்கும். நோயாளியும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். தனியாகப் பயந்துகொண்டிருந்தவர் கூட்டத்தோடு சிரிக்கத் தொடங்கும் இடத்தில்தான் அவர் ஊருக்குத் திரும்பி வருகிறார். மலையகத்தில் மாசி மாதம் நடக்கும் காமன் கூத்தில், மன்மதன் எரிந்த பிறகு ரதி அழும் அழுகையில் தங்கள் அழுகையையும் சேர்த்து அழாத பெண்களை நான் கண்டதில்லை.

சடங்கின் அருமை அது மறுக்கப்படும்போதுதான் தெரியும். 1987 முதல் 1989 வரை தெற்கிலும் எங்கள் மத்திய மாகாணத்திலும் சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காணாமல் போனார்கள். 2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் உயிரியல்வாயுத் தொகுதி கட்டத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அகழ்ந்து முடித்தபோது 150க்கும் அதிகமானவர்களின் எச்சங்கள். பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த குடும்பங்கள் அங்கே ஓடி வந்தன. வெளிநாட்டில் செய்த காபன் பரிசோதனை, அவை 1950க்கு முற்பட்டவை என்றது. குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. எது உண்மையானாலும், அந்தத் தாய்மாருக்கு மறுபடியும் ஒரு சவப்பெட்டி கிடைக்கவில்லை.

அப்படி ஒரு தாய் எங்கள் அயலில் இருந்தாள். ஒரு நாள் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாள்: “டீச்சர், என் மகனுக்கு நான் எந்த நாளில் தானம் கொடுக்க?” இறந்த நாள் தெரியாது. தானம் கொடுத்துப் புண்ணியம் சேர்த்தால், அவன் செத்துவிட்டான் என்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். கொடுக்காவிட்டால், செத்திருந்தால் அவன் பசியோடு அலைவான். இந்த இரண்டுக்கும் நடுவே அவள் வருடக்கணக்கில் தூங்காமல் கிடந்தாள். பன்சலையின் பெரிய ஹாமுதுருவோதான் வழி சொன்னார்: “அவன் பிறந்த நாளில் கொடுங்கள். உயிரோடு இருந்தால் அது ஆசீர்வாதம், இல்லையென்றால் புண்ணியம்.” அந்த வருடம் முதல் அவன் பிறந்த நாளில் அந்த வீட்டில் ஊர் கூடியது. பெண்கள் முதல் நாளே வந்து தேங்காய் துருவினார்கள். அவள் மகன் திரும்பவில்லை. ஆனால் அவள் சாப்பிடத் தொடங்கினாள். எந்தப் பட்டமும் இல்லாத அந்தத் துறவி செய்ததை நான் உயர்ந்த உளவளத்துணை என்றே சொல்வேன்.

இதே காலத்துத் தாய்மார் 1992இல் கொழும்பு முகத்துவாரத்துக் காளி கோயிலில் தேங்காய் உடைத்து, தலையை விரித்துப் போட்டு, பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களைச் சபித்தார்கள். சிங்கள பௌத்தப் பெண்கள், தமிழ்க் கோயில், காளி. பொலிஸில் முறைப்பாடு எடுக்காத காலத்தில் அந்த ஒரு வாசல்தான் திறந்திருந்தது. கிழக்கில் தமிழ்த் தாய்மாருக்கும் அப்படித்தான். போர்க்கால மட்டக்களப்பில் ஆய்வு செய்த பட்ரீசியா லோரன்ஸ், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களிடம் மக்கள் போனதைப் பதிவு செய்தார். பிடித்துக்கொண்டு போன மகன் இருக்கிறானா என்று வீதியில் கேட்டால் ஆபத்து. அம்மன் சந்நிதியில் கேட்கலாம். வாக்குச் சொல்பவரும் கேட்டவரோடு சேர்ந்து அழுவார், சித்திரவதைப்பட்டவரின் நோவைத் தன் உடம்பில் காட்டுவார். ஊர் வாய் மூடியிருந்த நாளில் அந்த வலி நாலு பேர் முன்னால் பேசப்பட்டது.

கொவிட் காலத்தில் முஸ்லிம்களுக்கு நடந்ததை நாம் எல்லோரும் கண்டோம். 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த எவரையும் எரித்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் இங்கே கேட்கவில்லை. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரிக்கப்பட்டது. கபனிட்டு, தொழுவித்து, கிப்லாப் பக்கம் முகம் திருப்பி மண்ணுக்குக் கொடுக்க முடியாத குடும்பங்களின் வேதனையை எந்த மருந்து தீர்க்கும்? 2020 டிசம்பரில் பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். பிற மதத்தவரும் வந்து கட்டினார்கள். 2021இல்தான் ஓட்டமாவடியில் அடக்க அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அந்தத் துணி கட்டியவர்கள் வைத்தியர்கள் அல்லர். ஆனாலும் “நீங்கள் தனியே இல்லை” என்று அந்தக் குடும்பங்களுக்குச் சொன்னவர்கள் அவர்களே.

எங்கள் மலையக மக்களுக்கும் இருநூறு வருடக் கடன் ஒன்று இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்து, தலைமன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்தபோது செத்து விழுந்தவர்களுக்குக் கருமாதி செய்தவர் யார்? 2023இல், மலையகம் 200ஐ ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 252 கிலோமீட்டர் தூரம் ஆணும் பெண்ணும் நடந்து வந்தார்கள். வழியில் சிங்கள, முஸ்லிம் ஊரார் தண்ணீரும் உணவும் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி அவர்கள் மாத்தளைக்குள் நுழைந்தபோது, அது அரசியல் கோரிக்கை ஊர்வலம் என்பது எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரியாத முன்னோருக்குப் பேரப்பிள்ளைகள் செய்த கடன் என்பதும் எங்கள் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் 1983 கலவரத்தில் எரிந்து, பிறகு எழுந்ததுதான். மாசி மகத்தில் அதன் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும்போது சனம் அழுவது பக்தியால் மட்டுமல்ல.

இதையெல்லாம் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்த வைத்தியர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போர் நடுவில் வேலை செய்தவர். ஷெல் சத்தத்துக்குப் பிறகு நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, தூங்க முடியாமல் வந்தவர்களுக்கு அவரும் அவருடைய குழுவினரும் மூச்சை மெதுவாக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூச்சோடு ஒரு சொல்லையும் சேர்த்தார்கள். இந்துவுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்குத் திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி. மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு இறங்கும், இறுகிய தசை தளரும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஓடிக்கொண்டிருக்கும் யோசனை சற்று நிற்கும். இது எந்த மதத்தவர் உடம்புக்கும் பொதுவானது. ஆனால் வயதான ஒரு பெண்ணிடம் புதிய பயிற்சி என்று கொடுத்தால் இரண்டு நாளில் விட்டுவிடுவாள். அவளுடைய தாய் அந்திநேரத்தில் செய்ததையே சரியாகச் செய்யச் சொன்னால் சாகும் வரை செய்வாள். கிராமத் தொண்டர்களுக்காக அவர் தமிழில் எழுதிய ‘மனவடு’ என்ற கைந்நூலின் பின்னால் இருந்த எண்ணமும் இதுவே. நிபுணர் போக முடியாத ஊருக்கு ஊராளே துணை.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து நம் நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பிறகு வெளிநாடுகளிலிருந்து ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். பலருக்குப் பாஷை தெரியாது. ஒருவரைத் தனியே உட்கார வைத்து, அன்று என்ன கண்டீர்கள், உள்ளே எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். இலங்கையரான உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நம்மவர்கள் துயரத்தைத் தங்கள் உள்ளத்துக்குள் நடப்பதாகச் சொல்வதைவிட, உடம்பு நோவாகவும் குடும்பத்தில் தங்கள் இடம் பறிபோனதாகவும் சொன்னார்கள். பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்க முடியாத தாய்க்கு அதுதான் நோய். அவளுக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு அடுப்பும், சுற்றிச் சாப்பிட ஆட்களும். 2007இல் சர்வதேச உதவி அமைப்புகள் சேர்ந்து அனர்த்த கால மனநல வழிகாட்டி ஒன்றை வெளியிட்டபோது, அந்தந்த ஊரின் சமய, பண்பாட்டுச் சடங்குகள் நடக்க வழி செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வைத்தன.

இவ்வளவு சொன்னதால், பழையதெல்லாம் நல்லது என்று சொல்ல வருகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்கிறேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசுவாமி கோயில் இருக்கிறது. கடும் மனநோய் உள்ளவர்களைச் சொந்தக்காரர்கள் அங்கே கூட்டிவந்து தங்குவார்கள். இந்திய மனநல வைத்தியர் ரகுராமும் அவரோடு சேர்ந்தவர்களும் அங்கே தங்கிய 31 பேரைக் கவனித்து, 2002இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து இல்லை. பெரிய மந்திரமும் இல்லை. காலைப் பூசை, கோயிலைக் கூட்டுதல், செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல். நோயின் கடுமையை அளக்கும் அளவுகோலில் கிட்டத்தட்ட 20 வீதம் குறைந்திருந்தது. ஒவ்வொரு நோயாளியுடனும் குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கியிருக்க வேண்டும் என்பது அந்தக் கோயிலின் வழக்கம்.

இரண்டாவது, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய விடுதிகளில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். சொந்தக்காரர் பணம் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலையில் ஒரு விடுதி தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். ஓட முடியவில்லை, காலில் சங்கிலி.

இரண்டு இடத்திலும் நம்பிக்கை இருந்தது, நேர்த்தி இருந்தது. வித்தியாசம் ஆளில் இருந்தது. அங்கே கூட இருந்தார்கள், இங்கே கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். ஏர்வாடிக்குப் பிறகு அரசு விழித்தது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் தொடங்கிய ‘தவா, துஆ’, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்ற முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. தர்காவுக்கு வருபவரை விரட்டாமல், அதே வளாகத்தில் மனநல வைத்தியரும் இருந்து பார்க்கிறார். தர்காவைப் பராமரிக்கும் முஜாவர்களே நோயாளியை அவரிடம் அனுப்புகிறார்கள்.

நம் பக்கத்திலும் விலக்க வேண்டியவை இருக்கின்றன. பேய் ஓட்டுவதாகச் சொல்லி வேப்பிலையும் பிரம்பும் கொண்டு பிள்ளையை அடிப்பது சடங்கல்ல, சித்திரவதை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பயத்தைக் காட்டிக் கழிப்புக்கு மேல் கழிப்பு என்று ஆயிரம் ஆயிரமாகப் பணம் கறப்பவரிடம் போகாதீர்கள். தாலி இழந்தவளை நல்ல காரியத்துக்குக் கூப்பிடாமல் ஒதுக்குவதும் மரபுதான், அது சாகட்டும். இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு மருந்து வாங்கவும் வழியில்லாமல் செய்வது மார்க்கமல்ல. மகளுக்கு மனநோய் என்றால் தங்கையின் கல்யாணம் கெட்டுவிடும் என்று அறைக்குள் ஒளித்து வைப்பதையும் நான் கண்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத சங்கிலி அது.

மருந்து வேண்டிய இடத்தில் மருந்துதான் வேண்டும். காதில் குரல் கேட்கும் பிள்ளைக்கும், வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழாத தாய்க்கும், பிள்ளை பெற்ற பிறகு புத்தி தடுமாறும் பெண்ணுக்கும் நூல் மட்டும் போதாது. எனக்குத் தெரிந்த தோட்டத்துப் பையன் ஒருவன் தூக்கமில்லாமல், சாப்பாடில்லாமல், யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பாட்டி கோயிலில் நூல் கட்டிவிட்டு, அதன் பிறகு என் பேச்சைக் கேட்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்கும் வந்தாள். கிளினிக்கில் இருந்த இளம் சிங்கள டாக்டர் அவன் மணிக்கட்டைப் பார்த்தார். பாட்டி பயந்து சேலைத் தலைப்பால் அதை மூடப் போனாள். டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “நூல் இருக்கட்டும் அம்மா, கழட்ட வேணாம். குளிசையும் போட வேணும். ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்.” பாட்டி அந்தக் குளிசைக் கடதாசிப் பையைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, விளக்கேற்றிய பிறகு அவனுக்கு எடுத்துக் கொடுத்தாள். கிளினிக் கொப்பியில் ஒரு திகதிகூட அவள் தவறவிடவில்லை. அவளை மூடநம்பிக்கைக்காரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் அடுத்த மாதம் வந்திருக்க மாட்டான்.

பண்பாடு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. உலகிலேயே மிக உயர்ந்த நாடுகளில் ஒன்று. நமக்கு அன்றும் கோயில் இருந்தது, பன்சலை இருந்தது, பள்ளி இருந்தது. அந்த எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தது, விவசாயிகளின் வீடுகளில் கிடந்த மிகக் கொடிய பூச்சிநாசினிகளை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்ததுதான். ஒரு கணத்து ஆத்திரம் உயிரைக் கொண்டுபோகாமல் தடுத்தால், மறுநாள் பேசுவதற்கு ஆள் இருப்பார். 1998இல் தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று சட்டம் மாறியதும் பெரிய காரியம். பொலிஸுக்குப் பயந்து ஒளிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வழி பிறந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1985இல் எழுதிய கட்டுரை ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. வாழ்க்கை துக்கமயமானது, எல்லாம் அழியும் என்று ஒருவர் சொன்னால், மேல்நாட்டு வைத்தியர் அதை மனச்சோர்வு நோய் என்று எழுதக்கூடும். நம் ஊரில் அவர் நல்ல பௌத்தராக இருக்கலாம் என்றார். எல்லாத் துக்கமும் நோயல்ல. எல்லா நோயும் வெறும் துக்கமல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்க வைத்தியரும் வேண்டும், ஆளை அறிந்த ஊரும் வேண்டும்.

இனி என் வயதுக்காரர்களுக்கு. நம் காலம் போய்விட்டது, இனி நம்மால் என்ன ஆகும் என்று சொல்லாதீர்கள். சிம்பாப்வே நாட்டு மனநல வைத்தியர் டிக்சன் சிபாண்டா 2006இல், ஹராரே நகரின் ம்பாரே பகுதியில், 14 பாட்டிமாரைப் பழக்கி மரத்தடி வாங்குகளில் உட்காரவைத்தார். மனம் நொந்தவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். பாட்டி கேட்பார், பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் முதலில் தீர்க்க வழி பார்ப்பார், மோசமாக இருந்தால் கிளினிக்குக்கு அனுப்புவார். 2016இல் வெளியான ஆய்வு, ஆறு மாதத்தில் அவர்களிடம் பேசியவர்களின் மனச்சோர்வு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகக் குறைந்ததாகக் காட்டியது. பல்லேபொலவில் பாட்டிமாருக்குப் பஞ்சமில்லை. வாங்குக்கும் பஞ்சமில்லை.

இன்றைக்கு நம் வீடுகளில் ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். தாய் சவூதியில் அல்லது குவைத்தில் வீட்டு வேலை, தகப்பன் கொழும்பில் கடை வேலை, பிள்ளை அம்மம்மாவோடு. அந்தப் பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனோடு இருந்தால், அது படிப்பு என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. கருமாதி முடிந்து, கதிரைகளை ஏற்றிக்கொண்டு லொறி போன பிறகுதான் துக்க வீட்டில் உண்மையான தனிமை தொடங்குகிறது. அந்தப் பதினேழாம் நாளும் அதற்கு அடுத்த வாரமும் போய் உட்காருங்கள். “மனதைத் தேற்றிக்கொள், எல்லாம் விதி” என்று சொல்ல வேண்டாம். சும்மா உட்காருங்கள். செத்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர்கள் அழுதால் தடுக்காதீர்கள்.

உளவளத்துணைப் பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான். உங்கள் படிவத்தில் வயது, தொழில், நோய் என்று கேட்பதோடு இன்னும் சிலதையும் கேளுங்கள். கடைசியாக யார் இறந்தார்கள், அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய முடிந்ததா, எந்தக் கோயிலில், பன்சலையில், பள்ளியில் இவருக்கு மனம் ஆறும், யார் இவரோடு கூட வருவார். செய்ய முடியாமல் போன கடன் ஏதாவது இருந்தால், அதைச் செய்ய முதலில் உதவுங்கள். அர்ச்சகரையும், ஹாமுதுருவையும், மௌலவியையும், நாட்டு வைத்தியரான வெதமாத்தயாவையும் தேடிப் போய் அறிமுகமாகுங்கள். எந்த அறிகுறி கண்டால் உங்களிடம் அனுப்ப வேண்டும் என்று மரியாதையோடு சொல்லிக் கொடுங்கள். கையில் உள்ள நூலைக் கழற்றச் சொல்லாதீர்கள். காலில் சங்கிலி இருந்தால் அந்த நிமிடமே கழற்றுங்கள்.

வாசிக்கும் உங்களில் யாருக்காவது வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். உங்கள் தெருவில் யாராவது சில நாளாக வெளியே வராமல் இருந்தால், இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாமல், சாப்பிட ஏதாவது கொண்டு போங்கள்.